செல்லத்தாய் அக்கா தனியே வைத்த குழாய்

“படிச்ச புள்ள, நீயே இப்படிப் பேசலாமா? தற்செயல்னு விட்டுட்டுச் சோலியப் பாரு தாயி.”

எங்கள் ஆய்வகத்தில் மூத்தவரான பாண்டி அண்ணன் அன்று சொன்னது இது. நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். சொல்லுங்கள், எனக்குக் கோபமில்லை. போடிப் பக்கம் சிலமலையில் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் பள்ளிக்கூடம் போய், காலேஜ் படியும் ஏறியவள் நான். குறி, கோடாங்கி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள்.

ஒரு மனநல ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது என் வேலை. அங்கே உள்நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை நடந்ததே இல்லை. மனம் சரியில்லாதவர்களிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. புதிதாக வந்த டாக்டரம்மாதான், புரியும்படி சொல்லுங்கள், சம்மதித்தால் எடுங்கள் என்றார்.

முதல் நாள் பெண்கள் வார்டில் பத்துப் பேர் சம்மதித்தார்கள். பட்டப்பகல். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அடுக்கி மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்பினால், பக்கத்தில் அந்த வார்டு நோயாளி செல்லத்தாய் அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். மலையில் ஏலக்காய் பறித்து, பிறகு போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் வருடக்கணக்காக ஈரக் காயை ஒதுக்கித் தரம் பிரித்தவர். வார்டிலும் அந்த விரல்கள் சும்மா இருக்காது, தட்டில் இருக்கிற சோற்றைக்கூடப் பிரித்துக்கொண்டிருக்கும். என் அம்மாவுக்கும் அதே வேலைதான், அந்த வேகம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு குழாய்களை உருவித் தனியே வைத்தார். பெட்டியிலிருந்து ஒரு காலிக் குழாயையும் எடுத்து அவற்றோடு சேர்த்தார்.

“என்னக்கா பண்றீங்க?”

“ஈரம் போகல ஆத்தா. தனியா வெரசா காயப்போடு, இல்லேன்னா வீணாப் போயிரும்.”

“இது காலிக் குழாய்க்கா.”

“காலின்னு நீ சொல்ற,” என்று சிரித்தார்.

நம்பினால் நம்புங்கள், பத்தில் அந்த இரண்டு மட்டும்தான் தொற்று இருப்பதாகக் காட்டின. மறுபடி செய்தோம், அதேதான். அதில் ஒருத்தி மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே வந்தவள். மனநோயால் சாப்பிட மறுக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். இப்போது மாத்திரை சாப்பிட்டு எழுந்து நடக்கிறாள்.

அந்தக் காலிக் குழாய்தான் என்னை விடவில்லை. அன்று செல்லத்தாய் அக்காவையும் கேட்காமல் விட்டிருந்தோம், ஒருவேளை அவருடையதோ என்று கேட்டு எடுத்தேன். தொற்று இல்லை. விட்டுப்போன மற்றவர்களையும் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டோம். ஒருவருக்கும் இல்லை.

அந்த வார்டில் அன்று இருந்தவர்களில் கேட்கப்படாதவள் ஒருத்திதான் பாக்கி. போன வருடம் ஒரு நோயாளி கையை உதறியபோது ஊசி என் விரலில் ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வேலையை விடச் சொல்வாள். அதைவிட, படித்தவள் ஊசியைக் குத்திக்கொண்டாள் என்று யாராவது சிரிப்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது. செல்லத்தாய் அக்கா அப்போது இந்த ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கவில்லை.

நேற்றுக் காலை பாண்டி அண்ணன் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

“எதுக்குத் தாயி?” என்றார்.

அந்தக் காலிக் குழாயை மேசைமேல் வைத்தேன். எண் சீட்டை நானே ஒட்டியிருந்தேன்.