ராத்தாவின் எருமை

எங்கள் கவிதை வட்டம் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில்தான் கூடும். கண்டியில் ஒரு பாடசாலை மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ, ஆளுக்கொரு கவிதை. வரி பிடித்துவிட்டால் சபையில் யாராவது "இன்னொருக்கா" என்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்காக நான் பட்டினிகூடக் கிடப்பேன்.

மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியும் அங்கே வருவார். வயதில் மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, எங்கள் எல்லோருக்கும் ராத்தா.

போன வருடம் ஒரு தலைப்புக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், கண்டி மலைகளில் எதிர்த்து நின்ற ஊர்களுக்குள் பட்டாளம் புகுந்து, வீடுகளை எரித்து, அகப்பட்டவர்களையெல்லாம் சுட்டுக் கொன்ற கதை. தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு ஊரில் அவர்களுக்கு நினைவு நாள் நடக்கவிருந்தது. சிங்களக் கவிஞர்கள் பலர் வாசிப்பார்கள். தமிழில் ஒரே ஒரு கவிதைக்குத்தான் இடம். அதை எங்கள் வட்டம் தேர்ந்து அனுப்ப வேண்டும்.

அது என்னுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு மேடை கிடைப்பது லேசில்லை. கிடைத்தால் விடவும் மாட்டேன். நூலகத்துக்கு நடையாய் நடந்தேன். துப்பாக்கி, தீ, தூக்குமரம், எதுகை, மோனை என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு நான் வாசிக்க வாசிக்க "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று சபை கேட்டது. கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ராத்தா எழுந்தார். அவர் கவிதை பத்து வரிகூட இராது. அதில் பட்டாளமே இல்லை. பட்டாளம் போன மறுநாள், பால் கட்டிய எருமையொன்று, கறக்க ஆளில்லாமல், எரிந்த வாசல் ஒவ்வொன்றாகப் போய் நிற்கிறது. கடைசி வாசலிலும் யாரும் வரவில்லை. அவ்வளவுதான். செத்த மனிதர்களைப் பற்றி எழுதச் சொன்னால் இவர் எருமையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஒருவரும் கை தட்டவில்லை, "இன்னொருக்கா" என்று கேட்கவுமில்லை. எருமை மேல் மழை பெய்தது போல் சபை உட்கார்ந்திருந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது.

ஆனால் பிளேன்டீ வந்த பிறகும் யாரும் பேசவில்லை. வட்டத்தின் தலைவர் கோப்பையை ஆறவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தபோது ஒருவர்கூட இப்படி ஊமையாகவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வார்த்த பால் அங்கேயே திரிந்துவிட்டது. என் கைதட்டல் முழுவதையும் எடுத்துக்கொண்டு அந்த அமைதியைத் தா என்று ராத்தாவிடம் பிடுங்க வேண்டும் போலிருந்தது. அப்படியொரு வயிற்றெரிச்சல்.

தலைவர் என் கவிதையைத்தான் தேர்ந்தார். "மேடைக்கு இதுதாம்மா சரி. மத்தத வாசிச்சா, அதுக்குப் பிறகு யாராலயும் எதையும் வாசிக்க முடியாது" என்றார். வென்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

ராத்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ் தங்கச்சி, ஒங்கட கவிததான் நல்லா ஈந்திச்சி." அந்த முகத்தில் ஒரு துளியாவது பொறாமை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன்.

நினைவு நாளன்று கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். நான் வாசித்து முடித்ததும் முதலில் கை தட்டியவரும் அவர்தான். கூட்டம் முடியும்போது, இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். கண்ணை மூடினேன். நான் தேடித் தேடிப் படித்த தீயும் தூக்குமரமும் வரவில்லை. என் வரி ஒன்றுகூட வரவில்லை. எரிந்த வாசலில் அந்த எருமை வந்து நின்றது. மடி கனத்து, உள்ளே பார்த்துக் கத்தியது. அந்த வீட்டில் உண்மையாகவே ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது ராத்தா கேட்டார்: "அந்த நேரம் ஒங்கட கவிதயத்தான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு நின்டேன். நீங்க என்னத்த நெனச்சீங்க தங்கச்சி?"

"ஒன்னுமில்ல ராத்தா" என்றேன்.

எருமை நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.