மூன்று அட்டை, ஒரே மருந்து

வேங்கிக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அருணாதேவி பதினோரு வருடங்களாக அங்கே வேலை பார்க்கிறார். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் போடும் அவர் குடும்பத்தில் லேப் படிப்பு படித்தவர் அவர் மட்டும்தான். "ஊசி குத்தறதுக்கு ரெண்டு வருஷம் படிப்பா?" என்று சித்தப்பா கேலி செய்வார். "குத்தறது ரெண்டு நிமிஷம் சித்தப்பா. குத்தின பிறகு பாக்கறதுக்குத்தான் ரெண்டு வருஷம்" என்பார் அருணாதேவி.

போன ஐப்பசியில், மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில், ஆதிமூலம் என்ற விவசாயியை அவர் மனைவி ஜோதியம்மாள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஐந்து நாள் காய்ச்சல்; இரண்டு நாளாக வாந்தி. கண்ணில் லேசான மஞ்சள். ஈரல் சோதனை எடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். ஜோதியம்மாளோ மஞ்சள் காமாலைதான் என்று முடிவு கட்டி, நாட்டு மருந்துக்குப் போக வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார்.

ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சோதனையில் மெஷின் எண்ணே தரவில்லை. அளவு மீறியது என்று மட்டும் காட்டியது.

"ஆயிரத்துக்கு மேலன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம். ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்" என்றார் உரிமையாளர் இளவரசன்.

"அஞ்சு நிமிஷம் சார்."

அருணாதேவி ரத்த நீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினார். ஒன்பதாயிரத்து இருநூறு. நாற்பதைத் தாண்டக் கூடாத எண் அது. ஆனால் கண்ணை மஞ்சளாக்கும் பிலிரூபின் அளவு வெறும் இரண்டு. காமாலைக்காரர்களிடம் இரண்டும் சேர்ந்து ஏறுவதைத்தான் அவர் பெரும்பாலும் பார்த்திருந்தார். எழுந்து வெளியே போனார்.

"அம்மா, இவருக்கு இன்னா மாத்திரை குடுத்தீங்க?"

"ஜுரத்துக்கு ஒண்ணு, ஒடம்பு வலிக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு. நாலு வேளை. வலி தாங்கலன்னா ரெண்டு ரெண்டா. வேற ஒண்ணும் ஜாஸ்தி குடுக்கலம்மா."

பையிலிருந்து வெள்ளை, மஞ்சள், பச்சை என மூன்று அட்டைகள் வந்தன. பெயர்கள் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்றிலும் பாராசிட்டமால். அளவு மீறினால் ஈரலையே கெடுக்கும் மருந்து.

"மூணும் ஒண்ணா?" ஆதிமூலம் முனகினார். "கடைக்காரன் மூணு பேரு சொன்னானே!"

அருணாதேவி உடனே டாக்டருக்கு போன் போட்டு எண்களையும் அட்டைகளையும் படித்துச் சொன்னார். பிறகு ஜோதியம்மாளிடம், "ஆட்டோவ பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க" என்றார்.

"நாட்டு மருந்து குடிச்சா மூணு நாள்ல எறங்கிடும்னாங்களே?"

"மூணு நாள் தாங்க மாட்டாருங்கம்மா."

ஜோதியம்மாள் அருணாதேவியின் முகத்தையே பார்த்தார். அப்புறம் கணவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்.

மறுநாள் டாக்டரே பெரியாஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டார். "ரத்தத்துல மருந்து அளவு ரொம்பக் கம்மியா வந்துச்சு. நாளாச்சு இல்ல, கரைஞ்சிடுச்சு. அத மட்டும் நம்பியிருந்தா ஏமாந்திருப்போம். நீங்க சொன்ன நம்பரும் அட்டையும் வெச்சுத்தான் முறிவு மருந்து ஆரம்பிச்சோம்." மருந்து கரைந்த பிறகும் அது விட்டுப்போன தடயத்தை ரத்தத்தில் தேடும் சோதனைகளை ஆராய்ந்து வருகிறார்கள் என்றும் சொன்னார்.

"அந்த டெஸ்ட் இங்க வந்தா சொல்லுங்க சார். நான் கத்துக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து ஆதிமூலம் தானாக நடந்து வந்து கையை நீட்டினார். "இந்த தடவ கம்மியா எடும்மா, இருக்கறதே கொஞ்சம்."

எண் எழுபதுக்கு இறங்கியிருந்தது. ஜோதியம்மாள் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "என் வூட்டுக்காரருக்கு இன்னான்னு மொதல்ல கண்டுபுடிச்சது இவுங்கதான்."

அருணாதேவி மறுக்கவில்லை. நிமிர்ந்து நின்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.