ராசாவுக்குப் போன ஒட்டுப்பால்

காரின் பின்பெட்டியில் கனம் ஏற்றினால் அதை ஓட்டுகிறவர் சாம்பியன் ஆகிவிடுவார் என்று ஒன்பது வயதில் நான் சத்தியமாக நம்பினேன். இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டேன். இதைவிடப் பெரிய மடத்தனங்களையும் நம்பிப் பார்த்தாயிற்று. ஆனால் இதற்கு வியர்த்ததுபோல் வேறெதற்கும் எனக்கு வியர்த்ததில்லை.

நம்ப வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. லுக்குட் டவுனில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஞாயிறு தவறாமல் எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்துவிடுவார். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஏதோ உதிரிப் பாகத்தைச் சுற்றி வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றும் இருந்தது. அதில் பிரேசில் நாட்டு ஸ்டாக் கார் சாம்பியன்களின் கதை போட்டிருந்தார்கள். சாலையில் ஓடுகிற சாதாரணக் குடும்பக் காரைத்தான் அங்கே முடுக்கிப் பந்தயத்துக்கு விடுவார்களாம். படத்தில் இருந்த காரும் மாமாவின் காரும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மாமாவுக்கு அது போதாதா?

காரைக் கழுவிக்கொண்டே கதை சொல்வார். ஒருவன் அப்பாவின் ரொட்டி வேனை ஓட்டிக் கை பழகியவன். ஒருவன் வருஷா வருஷம் இரண்டாவதாகவே வந்து, ஊரே கைகழுவிய பிறகு கோப்பையைத் தூக்கியவன். இன்னொருவன் தலை நரைத்த பிறகும் இளவட்டங்களுக்குப் புகையைக் காட்டிவிட்டுப் போனவன். பத்திரிகை பாதி, மாமாவின் சொந்தச் சரக்கு பாதி. பிரேசில் எனக்கும் அந்நிய பூமியல்ல. ரப்பர் மரமே அங்கிருந்து வந்ததுதான் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எனவே அந்தச் சாம்பியன்களும் காலையில் பால் வெட்டிவிட்டு மத்தியானத்துக்கு மேல் பந்தயம் ஓடுகிறவர்கள் என்றே நினைத்திருந்தேன்.

“ஒருத்தன் ஜெயிச்சுட்டான்னு வச்சுக்க, அடுத்த ரேசுக்கு அவன் காடியில வெயிட்டு ஏத்திடுவானுங்க.”

“ஏன் மாமா?”

“சாம்பியன் காடின்னா அப்படித்தான்லா. அந்தத் துணிய எடு.”

காரணத்தைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் தேடினார்கள். இரண்டு வீட்டில், நகத்தில் கிரீஸ் என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். மூன்றாவது இடம் ராசா என்கிற ஊரில். “இதுவும் போச்சுன்னா காடிய வித்துட்டு சாமியாராப் போயிடுவேன்க்கா” என்றார் மாமா. அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா போய்விட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கு முந்தின நாள் மழையில் பால் ஸ்டோர் சீக்கிரம் மூடிவிட்டதால், அம்மா சேர்த்த ஒட்டுப்பால் எடை போடாமல் எங்கள் வாசலில் கிடந்தது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்து கட்டியாகிப்போன ரப்பர் பால் அது; கனமும் உண்டு, செத்த எலி வாசமும் உண்டு. திங்கட்கிழமை வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார். அம்மா தலைவாரிக்கொண்டிருக்க, மாமா சவரம் செய்துகொண்டிருக்க, நான் வாளியால் நான்கு நடை அடித்து அத்தனையையும் காரின் பின்பெட்டிக்கு மாற்றி, பழைய சாக்கால் மூடினேன். சாம்பியன் தயார்.

எஸ்டேட் கேட்டும் அங்கே காவல் நிற்கிற ஜாகாவின் தொப்பியும் தெரிந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கேட்டைத் தாண்டி ஒரு துண்டு ஒட்டுப்பால் போனாலும் திருட்டு. பிள்ளை எடுத்தாலும் பெற்றவள் பேரில்தான் எழுதுவார்கள். வேலை போகும், வீடும் போகும். கடைசி லயத்துக் குடும்பம் ஒன்று அப்படித்தான் பானை சட்டியோடு லாரி ஏறியிருந்தது. நான் அதற்குள் அம்மாவைச் சிறையிலும் மாமாவைக் காவியிலும் என்னைப் பத்துமலைப் படிக்கட்டில் திருவோட்டோடும் பார்த்துவிட்டேன். முனியாண்டியை வேண்டினேன். அவர் நேரமில்லாமல் இருந்தால் என்ன செய்வதென்று பிரேசில் சாம்பியன்களையும் வேண்டினேன்.

ஜாகா குனிந்து, “எங்க...” என்று ஆரம்பித்தவர், அம்மாவின் மடியிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “கேக்கக் கூடாது. நல்ல காரியம், போய்ட்டு வாங்க” என்று கேட்டின் குறுக்குக் கம்பைத் தூக்கிவிட்டார்.

வெயில் ஏற ஏறப் பின்பெட்டி பேச ஆரம்பித்தது.

“என்னடா தம்பி, எஸ்டேட்டத் தாண்டியும் எஸ்டேட்டு நாத்தம்?” என்றாள் அம்மா.

“நம்ம மேல ஊறிப்போனதுக்கா. ராசா போனா காத்தாடிடும்.”

ராசாவில் எங்களுக்கு முன்னால் நாற்றம்தான் இறங்கியது. பெண்ணின் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிதரைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்த்தார்.

“என்ன தம்பி, பின்னாடி இப்படி உக்காந்திருக்கு? ஸ்பிரிங் போச்சா?” என்று கேட்டபடி, மாமா தடுப்பதற்குள் திறந்துவிட்டார்.

தன் ஒட்டுப்பாலைத் தானே அடையாளம் கண்ட அம்மா, பட்டுச்சேலையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் முகத்தில் சவரம் செய்த இடமெல்லாம் வெளுத்தது. நான் வீதியே கேட்க அலறினேன்.

“நான்தான் வச்சேன்! மாமா சாம்பியன் ஆவணும்னு வெயிட்டு வச்சேன்!”

பிறகு பிரேசில், ரொட்டி வேன், நரைத்த தலை எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொல்லி முடித்தேன். வாசலில் தட்டோடு நின்ற பெண் கேட்டார்:

“ஏன்டா, ஜெயிக்கிறவனுக்கு எதுக்கு வெயிட்டு ஏத்துவாங்க? மத்தவன் எட்டிப் புடிக்கட்டும்னுதான? உங்க மாமா இன்னும் ரேசே ஓடலயே!”

மாமா அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“புத்தியிருந்தா தெரியும்லா.”

பஸ்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

திரும்பும்போது அழுத களைப்பில் தூங்கிப்போனேன். மறுநாள் பாயில்தான் விழித்தேன். யாரும் அடிக்கவில்லை, அம்மாவும் வழக்கம்போல் வேலைக்குப் போயிருந்தாள். எல்லாம் வீண் பயம் என்று எனக்குப் பெருத்த நிம்மதி. ஒன்று மட்டும் மாறியது. அடுத்த ஞாயிறு முதல் மாமா காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒன்றரை மைல் செம்மண் சாலையில் நடந்தே வந்தார். கேட்டதற்கு, “கல்யாணத்துக்குள்ள தொப்பை குறையணும்டா” என்றார். கல்யாணம் ஆன பிறகும் நடந்தார். அத்தையும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவார். “நான் திரும்பவும் வெயிட்டு ஏத்திடுவேன்னு மாமாவுக்கு இன்னும் என்னைக் கண்டா பயம்” என்று நான் லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பல வருஷம் கழித்து அத்தைதான் சொன்னார்.

அன்று மாலை திரும்பும்போது கேட்டில் ஜாகாவுக்கு நாற்றம் தட்ட, பின்பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, விற்பதற்குத் தானே எடுத்துப் போனதாகவும் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லி, ஆபீசில் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு வேலை போகவில்லை. மாமாவின் காரை மட்டும் அந்த எஸ்டேட்டுக்குள் கடைசிவரை விடவில்லை.