ஏழு பிடிபட்ட அமாவாசை

பாஸ் கிட்டாரில் ஏழு அட்சரத் தாளம் வாசிக்கக் கற்றுக்கொண்ட கதையில் பாதியைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் விரல் காய்க்க மாடியில் உட்கார்ந்து மல்லுக்கட்டிய கதை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசித்தேன். கல்யாண வரவேற்புகள், கோயில் திருவிழாக்கள். பாட்டெல்லாம் நாலில் இருக்கும், எப்போதாவது மூன்றில். வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு பழைய நாலு கம்பிக் கிட்டார் ஒன்றும் சின்ன ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றும் வாங்கி மாடி அறையில் வைத்தேன். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த நண்பன் இப்போது சேவூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் டிரம் பேடைத் தூக்கிக்கொண்டு வருவான். அவன்தான் ஆரம்பித்தான்.

"நாலுலயே எவ்ளோ நாள்யா சுத்திகினு இருக்கறது? ஏழு போடலாம் வா."

வாயால் சொல்வது சுலபம். தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. நாயனத்துக்குத் தவில் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிதல்ல. ஆனால் கிட்டாரைக் கையில் எடுத்தால் என் ஏழு எட்டாகிவிடும். ஏழாவது அட்சரம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போவேன். அந்த மூச்சுதான் எட்டு. அதை விடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"வாத்தியாரே, நான் ஏழு கேட்டா நீ எட்டு குடுக்கற. கறிவேப்பிலையா இது, கொசுறு போட?" என்பான் நண்பன்.

காரணத்தைக் கணக்கு வாத்தியாராகவே கண்டுபிடித்தேன். பாஸில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியை இழுக்கும். எட்டு என்றால் ஒவ்வொரு சுற்றும் ஆள்காட்டி விரலில் தொடங்கும். ஏழு ஒற்றைப்படை. முதல் சுற்று ஆள்காட்டி விரலில் தொடங்கினால் அடுத்தது நடுவிரலில் தொடங்கும், அதற்கடுத்தது மறுபடி ஆள்காட்டியில். என் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றின் தொடக்கம் என்றால் அது ஆள்காட்டி விரலில்தான் விழ வேண்டும் என்று அது முடிவு செய்து வைத்திருந்தது. அதனால் இல்லாத ஓர் அட்சரத்தைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்துகொண்டது. காரணம் தெரிந்தும் பலனில்லை. எண்ணினால் ஏழு வரும். எண்ணுவதை விட்டால் எட்டு வரும். எண்ணிக்கொண்டே வாசிப்பது வாசிப்பு அல்ல.

விரலுக்கு வராததைக் காலுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மாடி அறையில் நடந்து பார்த்தேன். இடது காலில் ஒரு சுற்று தொடங்கினால் அடுத்தது வலது காலில். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியையும் ஓங்கி வைப்பேன். கீழே இருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்.

"இன்னாங்க, மேல யாரு நொண்டிகினு நடக்கறது?"

"தாளம்."

"தாளத்துக்குக் கால்ல முள்ளு குத்திச்சா? ஜல்தியா எடுத்துட்டு சாப்ட வாங்க."

எங்களுக்குப் பக்கத்தில் விசைத்தறிக் கொட்டகை. நாள் முழுவதும் டடக் டடக் என்று இரட்டையாக ஓடும். இந்தத் தெருவில் யாருக்கும் அது காதில் விழாது. நின்றால்தான் விழிப்பு வரும். ஆனால் ஏழு வாசிக்கும்போது அது என்னை இழுத்துத் தன் இரட்டையில் சேர்த்துக்கொள்ளும். அதனால் நான் அமாவாசைக்குக் காத்திருப்பேன். அமாவாசையன்று எங்கள் ஆரணியில் தறி ஓடாது. கைத்தறிக்கு வந்த வழக்கம், விசைத்தறிக்காரர்களும் விடவில்லை. அன்று ஒரு சத்தம் மட்டும் உண்டு. ஓடாத நாளில்தான் தறியைப் பழுது பார்ப்பார்கள். ஆணி இறுக்குவதும் இரும்பில் தட்டுவதுமாக விட்டு விட்டுக் கேட்கும். அதையும் யாரும் காதில் வாங்குவதில்லை.

அந்த அமாவாசையன்று காலையில் படையல் முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, சாப்பிட்டோம். மனைவி பாத்திரங்களைக் கழுவிவிட்டுத் துணி துவைக்கப் பின்பக்கம் போனாள். நான் மாடிக்குப் போனேன்.

அன்று அது வந்தது. எப்படி என்று விளக்க என்னிடம் சூத்திரம் இல்லை. எண்ணாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவிரலில் தொடங்கிய சுற்று, ஆள்காட்டியில் தொடங்கியதைப் போலவே கனமாக விழுந்தது. தொடக்கம் விரலில் இல்லை, அடிவயிற்றில் எங்கோ இருந்தது. ஏழாவது முடியும் இடத்தில் மூச்சு நிற்கவில்லை. சரிவில் தானாகக் கால் போவதுபோல் முதலாவதில் போய் விழுந்தது. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயந்து வாசித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. தகரத்தில் தட்டுவதுபோல இருந்தது. இரண்டு, பிறகு ஒன்று, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி மூன்று. கொட்டகையில் தறி பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, அமாவாசையில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருந்ததே இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தத் தட்டலோடு போட்டி போட்டேன். தாளத்தில் அடங்காத அந்தச் சத்தம் குறுக்கே விழும்போதும் என் ஏழு கலையவில்லை. கொசுறு என்று கேலி செய்த நண்பன் இப்போது வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த தட்டல் எங்கே விழும் என்று ஆவலோடு எதிர்பார்த்துக்கூட வாசித்தேன். இடைவெளி அதிகமாகி ஒரு கட்டத்தில் தட்டல் நின்றது. நான் நிறுத்தவில்லை. அரை மணிக்கு மேல் இருக்கும், தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியபோது.

பின்பக்கக் குளியலறையின் தகரக் கதவுக்குப் பின்னால் அவள் விழுந்து கிடந்தாள். கையில் அலுமினிய மக்கு. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது.

"வழுக்கிட்டேங்க. எந்திரிக்க முடியல. கத்திப் பாத்தேன், அப்பறம் தட்டிகினே இருந்தேன். கேக்கலியா?"

"பொட்டி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வேலூரில் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். பார்க்க வந்தவர்களில் அவளுடைய அண்ணி ஒருத்தி, "வூட்ல ஆளு இருந்தும் இப்டியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். படுத்திருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"அவர இன்னாத்துக்குக் கேக்கறீங்க? அந்தப் பொட்டிய வச்சிகினு உக்காந்துட்டா இடி வுழுந்தாலும் கேக்காது. பாவம், அதுக்கப்பறம் அதைத் தொடவே இல்ல."

நான் காபி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவளாகவே கேட்டாள். "அந்த நொண்டித் தாளம் வந்துச்சா உங்களுக்கு?"

"வந்துச்சு."

"எப்போ?"

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். "நீ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, எப்பவோ ஒரு நாள்" என்றேன். "சொல்லவே இல்ல பாரு" என்று கோபித்துக்கொண்டாள். அடுத்த வாரம் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் இறந்துபோனாள். அரை மணி தாமதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கும் நான் முழு விவரம் சொல்லவில்லை.

போளூரில் இருக்கும் எங்கள் மகள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் செய்வாள். ஒரே பிள்ளை. அம்மா எப்படிப் புளிக்குழம்பு வைப்பாள், யாரை என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவாள் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிப்போம், அழுவோம். என் நாளில் அந்த நேரம் மட்டுமே உயிரோடு இருந்தது. ஆனால் போனை வைக்கும்போது தவறாமல் சொல்வாள்: "நீ மனசு வுட்டுடாத பா. கேட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டியா நீ?" ஒவ்வொரு நாளும் அவளுக்குச் "சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் அந்த நேரம் போய்விடும் என்று தெரியும். சொல்லாவிட்டால், அவள் ஆறுதல் சொல்வது யாருக்கோ என்பதும் தெரியும். சென்ற மாதம் அவள் வந்திருந்தபோது, சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். தட்டல் கேட்டது என்றேன். தறிக்கொட்டகை என்று நினைத்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். இந்தத் தெருவில் பிறந்தவள்தானே. நிறுத்தவில்லை. தட்டலுக்கு எதிராக வாசித்ததையும், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்ததையும் சொன்னேன்.

கத்தி நின்றது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேக்கலன்னு சொல்லிட்டேன்."

"அத்தோடதான் அம்மா போச்சா?"

"ஆமா."

"அப்பறம் எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அதுகிட்ட சொல்லியிருக்கணும்."

குழம்பு வைத்து, பொரியல் செய்து, எனக்குப் பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை. மத்தியான பஸ்ஸில் போளூர் போய்விட்டாள்.

நண்பன் ஞாயிறன்று வந்தான். அந்த அமாவாசைக்குப் பிறகு முதல்முறையாக வாசித்தோம். எனக்கு ஏழு பிசகவே இல்லை. இனி பிசகாது என்று நினைக்கிறேன்; ஒருமுறை உடம்புக்குள் இறங்கினால் அது போவதில்லை. "பின்றய்யா வாத்தியாரே" என்றான். கிட்டாரை அவனிடமே கொடுத்து எடுத்துப் போகச் சொன்னேன். காரணம் கேட்டான், கை வலி என்றேன். கேட்டவுடன் வந்த இந்தப் பொய்யைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

மகள் இப்போதும் அதே நேரத்துக்குப் போன் செய்கிறாள். மாத்திரை போட்டாயா, கதவைத் தாழ் போட்டாயா என்று கேட்கிறாள். போட்டேன் என்கிறேன். அவளுடைய அம்மாவைப் பற்றி நான் ஏதாவது ஆரம்பித்தால், "சரி, வச்சிடறேன்" என்கிறாள்.