ஓரிரு இடங்களில்

எங்கள் பத்திரிகையின் மதுரைப் பதிப்பில் வானிலைப் பெட்டி என்று ஒன்று உண்டு. முதல் பக்கத்தின் மூலையில், ஒரு பத்தி அகலத்தில் வரும். மத்திய அரசின் வானிலைத் துறை சென்னையிலிருந்து மதியம் வெளியிடும் அறிக்கையைச் சுருக்கி அதில் போட வேண்டும். செய்தி மேசையில் யாரும் விரும்பி எடுக்காத வேலை அது. ஓய்வு நெருங்கிய நேரத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது.

அறிக்கையின் நடை அதிகம் மாறாது. தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். இந்த வரியைக் கேலி செய்யாதவர்கள் ஊரில் குறைவு. காளவாசலில் நான் டீ குடிக்கும் கடையில், அந்த ஓரிரு இடத்துக்கு எந்த பஸ் போகிறது என்று மாஸ்டர் என்னிடம் கேட்பது வழக்கம்.

என் தங்கையின் கணவர் பேரையூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். அவரும் கேலி செய்வார். ஆனால் அவருக்குப் பதிலும் தேவைப்பட்டது. அங்கே கிணற்றை நம்ப முடியாது. புரட்டாசியில், மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல மழை விழுந்தால் பயிர் எழுந்துவிடும். தூறலோடு நின்றுபோனால், அந்தக் கொஞ்ச ஈரத்தில் முளைவிட்டது அடுத்த வெயிலில் கருகிவிடும். போன வருடம் அப்படித்தான் ஆனது. இந்த வருடமும் கருகினால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. தங்கை அதைச் சொன்னபோது குரலில் எதையும் காட்டவில்லை. பிள்ளைகளுக்கு அங்கே பாதி வருடத்தில் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுப்பார்களா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவரே போனில் பேசினார்.

“மச்சான், தெனமும் ஓரிரு இடங்களிலன்னு போடுறீக. அதுல பேரையூர் உண்டா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. விதை மூடை வீட்டுக்குள்ளயே கெடக்கு.”

கேட்டுச் சொல்வதுதான் என் தொழில். மறுநாள் காலை விமான நிலையப் பக்கம் இருக்கும் வானிலை நிலையத்துக்குப் போனேன். கம்பி வேலிக்குள் புல்தரை. அதில் கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று, பக்கங்களில் காற்றுப் போகச் சரிந்த சட்டங்கள். சற்றுத் தள்ளி, தரையில் ஊன்றிய மழைமானி. பணியில் இருந்த பெண் அலுவலர் மகால் பக்கத்துக்காரர். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ். மழை வருமென்று சொல்வது தங்கள் வேலை இல்லை, அது சென்னையில். இங்கே வந்ததை அளந்து அனுப்புவதுதான் என்று முதலிலேயே தெளிவாக்கிவிட்டார்.

நான் கேள்வியைத் தொடங்கியபோது அவர் கைப்பேசி அடித்தது. அம்மா. பேச்சு முழுக்கச் சௌராஷ்டிரத்தில் போனது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நடுவில் திடீரென்று சுத்தமான அரசாங்கத் தமிழில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வந்தது. அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. இவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“மாடில வத்தல் போடலாமான்னு கேக்குறாங்க சார். நான் அறிக்கையில இருக்கறதச் சொன்னேன். நம்ம மாடி அந்த ஓரிரு இடத்துல வருதா, அதச் சொல்லத் தெரியாட்டி உனக்கெதுக்குச் சம்பளம்னு திட்டுறாங்க.”

நானும் அதைத்தான் கேட்க வந்தேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். இடம் என்றால் ஊர் இல்லை, மழை அளக்கும் நிலையம். ஒரு பகுதியில் உள்ள நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. அரைப் பங்கு வரை என்றால் ‘ஒருசில இடங்களில்’. முக்கால் வரை ‘அநேக இடங்களில்’. அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. எந்த ஊர் என்று அந்தச் சொல் சொல்லாது. எவ்வளவு பரவும் என்றுதான் சொல்லும். அளந்து வைத்த சொற்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது.

எங்கள் அலுவலகத்தில் போடுவார்கள். பக்கம் வடிவமைக்கும் நண்பருக்குப் ‘பெரும்பாலான’ ஒரு பத்திக்குள் அடங்காத சொல். அதைச் ‘சில’ ஆக்குவார். ‘ஓரிரு’ இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் மூன்றாம் நாள் அலுப்பில் ‘ஒருசில’ ஆகிவிடும். துறை பங்கு பார்த்து எழுதியதை நாங்கள் பத்தி அகலம் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தோம். அன்று மாலை இனி ஒரு சொல்லும் மாறக்கூடாது என்றேன்.

“பெட்டிய அகலமாக்கணுமாண்ணே, இல்ல மழையவா?” என்று கேட்டுவிட்டு எழுத்தின் அளவைக் குறைத்தார்.

கால், அரை, முக்கால் கணக்கைத் தங்கை கணவரிடம் சொன்னேன். பேரையூர் உண்டா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் மதியம்தோறும் அழைத்தார். நானும் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். ஓரிரு. மறுபடி ஓரிரு. பிறகு ஒருசில. விதை மூடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் அறிக்கையில், நாளை மறுநாள் முதல் அநேக இடங்களில் என்று இருந்தது. அவர் அழைக்கும் வரை காத்திராமல் நானே அழைத்தேன். பேரையூர் மழை இல்லாத மிச்சப் பங்கில் விழுந்தாலும் விழலாம் என்பதையும் சொன்னேன்.

போனில் அவருக்குப் பின்னால் ஆட்டுக்குட்டி ஒன்று கத்துவது கேட்டது.

“அரைக்கு மேலன்னா போதும் மச்சான். ஒங்க தங்கச்சிக்கும் எனக்கும் அம்புட்டுப் பொருத்தம்கூட இல்ல. கட்டிக்கிட்டு ஓட்டலையா?”

மறுநாள் டிராக்டர் பிடித்து விதைத்தார்.

அதற்கு அடுத்த நாள் மதுரையில் வானம் கறுத்து, பிறகு வெளுத்தது. தல்லாகுளத்திலிருந்து காளவாசல் வரை வண்டியில் வந்தேன். சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் விடிந்தும் சாலை காய்ந்துதான் கிடந்தது. எந்தப் பஸ் என்று மாஸ்டர் கேட்டார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தங்கையை அழைக்கக் கை வரவில்லை.

காலையில் மழை அளவுப் பட்டியல் வந்தது. நகரத்துக்கு நேரே ஒன்றுமில்லை. பேரையூருக்கு நேரே, புழுதி ஊறி இறங்கும் அளவுக்கு மழை. அதன் பிறகு வந்த நாட்களிலும் அங்கே விட்டு விட்டுப் பெய்தது.

அந்த வாரம் அலுவலரிடம் ஒரு விவரம் கேட்டுப் பேசியபோது வத்தல் என்னவாயிற்று என்றேன். அம்மா மகளை நம்பாமல் மாடியில் போட்டாராம், நன்றாகக் காய்ந்துவிட்டதாம். அறிக்கையும் தப்பவில்லை, வத்தலும் தப்பியது என்றார்.

பிறகு ஒரு காலை, தங்கை கணவர் நிலத்தில் நின்றுகொண்டு அழைத்தார். காற்று இரைந்தது. சொல்ல வேண்டியதை அவர் யோசித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். செய்தி வாசிப்பவரின் குரலில் ஆரம்பித்தார்.

“பெரும்பாலான இடங்களில் முளைச்சிருச்சு மச்சான். வரப்போரமா மட்டும் ஓரிரு இடங்களில் விட்டுப்போச்சு. அங்க மறுவிதை ஊனத்தான் போறேன். பள்ளிக்கூடம் விசாரிக்க வேணாம்னு ஒங்க தங்கச்சி சொல்லச் சொன்னா.”