மழை, வேலைக்குப் போகவில்லை

“ஞாயிறு. அம்மா ஊரில் இந்த வாரம் மழை. வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறவில்லை. உடம்பு பரவாயில்லை.”

என் ஐந்தாம் வகுப்பு நோட்டில் ஐப்பசி மாதத்துப் பக்கம் இப்படித் தொடங்குகிறது. அம்மா அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நானும் அப்பாவும் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். அவள் கூப்பிடும் நேரத்தில் அப்பா மரவள்ளிக் காட்டில் இருப்பார். அங்கே டவர் கிடைக்காது. அவள் சொல்வதை எழுதிவைத்து, அவர் வந்ததும் படித்துக்காட்டுவது என் வேலை. உடம்பு, பயணம், வானிலை என்று கோடு போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு எங்கள் பக்கம் மழையே இல்லை. பெய்தால் பள்ளிக்கு லீவு விடுவார்கள், டவுன் பஸ் வராது, காட்டு வேலை நின்றுவிடும். அதனால் மழைக்காக அம்மா வீட்டில் இருந்தது எங்கள் இருவருக்குமே வியப்பாக இல்லை. அடுத்த நான்கு ஞாயிறுகளிலும் அதே வரிகள்தான் இருக்கின்றன.

என் கவலை வேறு. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். லீவு தீர்ந்துவிட்டால் வரமுடியாது என்றும் அவளே சொல்லியிருந்தாள். ஐந்தாவது ஞாயிறு கேட்டுவிட்டேன்.

“மழைக்கெல்லாம் லீவு போட்டுட்டா பொங்கலுக்கு எங்கிருந்தும்மா லீவு வரும்? உனக்குக் குடை இல்லியா?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. பிறகு, “சரி சாமி, நாளையிலேர்ந்து போறேன்” என்றாள். சிரித்ததில் வந்த இருமல் என்பதால் உடம்புப் பத்தியில் அதை எழுதவில்லை.

சாயங்காலம் படித்துக்காட்டியபோது அப்பா கால் கழுவிக்கொண்டே, “நம்ம வூட்டு மேனேஜரம்மா உத்தரவு போட்டாச்சு. இனி உங்கம்மா நனைஞ்சுக்கிட்டாவது போயாவணும்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறுகளில் “மழை. வேலைக்குப் போனாள்” என்று இருக்கிறது. மூன்றாவது ஞாயிறு அங்கே அவளோடு தங்கியிருந்த நர்ஸ் அக்கா பேசினார். அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். காட்டுக்கு ஓடினேன். நோட்டில் அந்த ஞாயிறின் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாகவே அம்மா வந்துவிட்டாள். பெங்களூரிலிருந்து காரில், பின்சீட்டில் படுத்தபடி வந்தாள். நான் மிச்சம்பிடித்த லீவில்தான் அத்தனை சீக்கிரம் வந்தாள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அவள் திரும்பிப் போகவில்லை. நுரையீரல் என்றார்கள். ஆடி மாதம் இறந்தாள். அன்று மழை இல்லை, அதையும் குறித்திருக்கிறேன்.

இப்போது நானும் அயர்லாந்தில்தான் இருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் மழை பக்கவாட்டில் அடிக்கிறது. குடையைக் காற்று திருப்பிவிடும் என்று யாரும் விரிப்பதுகூட இல்லை. எல்லோரும் நனைந்தபடி வேலைக்குப் போகிறார்கள். மழைக்காக வீட்டில் இருந்த ஒருவரை வந்த இத்தனை நாளில் நான் பார்க்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே இது புரிந்தது. ஊரிலிருந்து நோட்டை வரவழைத்து ஐந்து ஞாயிறுகளையும் மீண்டும் படித்தேன்.

அந்த இரண்டு வாரமும் அவள் என் பேச்சுக்காகத்தான் வேலைக்குப் போனாளா என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஞாயிறுதோறும் பேசுகிறோம். அங்கே மழையா என்று கேட்கிறார், மழைதான் என்கிறேன். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. ஆகவே அது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.