விலை இறங்கினால் சொல்கிறோம்

ஆபீஸில் அவனுக்கு ‘அரைகுறை’ என்று பேர். வைத்தது எதிரி இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர்தான். ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலை அவனுக்கு. அந்த வேலையில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, தனக்கென்று ஒன்றை ஆரம்பிப்பானே, அதுதான் அரைகுறையாக நிற்கும். துணி காயப்போடலாமா வேண்டாமா என்று சொல்கிற ஆப் ஒன்று. வீட்டுச் சாவியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று குறித்துவைக்கிற ஆப் ஒன்று. கடைசியில் அந்த ஆப்புக்கான பாஸ்வேர்டே தொலைந்துபோனது. இப்படி ஏழு. ஏழும் ஆரம்ப சூரத்தனத்தோடு சரி.

“ஏழு பெத்தீங்க. ஒண்ணாவது எழுந்து நடந்துச்சா?” என்பாள் மனைவி.

எட்டாவது நடந்தது. அதற்கு ‘காத்திரு’ என்று பேர் வைத்தான். படம், பாட்டு, புத்தகம் எல்லாவற்றையும் இணையத்தில் விற்கிற கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே ஒரு பொருளுக்கு இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. உங்களுக்கு எது வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று உங்களுக்கே தோன்றுகிறது, இந்த இரண்டையும் காத்திருவிடம் சொல்லிவிட வேண்டியது. அது தினமும் கடை கடையாகப் போய் எட்டிப் பார்க்கும். விலை நீங்கள் சொன்ன இடத்துக்கு இறங்கிய அன்று மெயில் அனுப்பும். விளம்பரம் கிடையாது. கடைக்காரர்களிடம் கமிஷனும் கிடையாது; வாங்கினால் நாக்கு புரண்டுவிடும் என்பான். முகப்பில் ஒரே ஒரு வரி: ‘விலை இறங்கினால் சொல்கிறோம்.’ அந்தச் ‘சொல்கிறோம்’ என்பதற்குள் அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

விலை விஷயத்தில் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். டீ நேரத்தில் யாராவது வாயைக் கிளறினால் போதும்.

“நாற்காலி செஞ்சா மரம் தீருது. ஒரு பாட்டை லட்சம் பேருக்கு வித்தாலும் பாட்டு தீருமா? அப்புறம் எதுக்கு யானை விலை குதிரை விலை?”

“அப்ப திருட்டுக் காப்பி எடுத்துக்க வேண்டியதுதானே!”

“பாடினவங்க வயித்துல அடிக்கவா? அதுவும் வேணாம். வாங்கினவன் ஏமாந்துட்டோம்னு நினைக்கக் கூடாது, பாடினவன் பிச்சை வாங்கினோம்னு நினைக்கக் கூடாது. நடுவுல ஒரு விலை இருக்கும். அதுக்குக் காத்திருக்கணும்.”

நல்ல பேச்சுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காத்திருக்க எல்லோருக்கும் ஒரே அளவு காலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் பாருங்கள், அங்கேதான் சறுக்கினான். சறுக்கியது அவன், அடிபட்டது அவனுடைய அக்கா.

அக்கா அவனைவிடப் பத்து வயது பெரியவள். அம்மா போனபோது அவன் நாலாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவனுக்குத் தலை துவட்டிவிட்டதும், பரீட்சை அன்று எழுப்பிவிட்டதும், முதல் கம்ப்யூட்டரைப் பழைய சாமான் கடையிலிருந்து சுமந்து வந்ததும் அக்காதான். வீட்டில் அவளுக்கு ‘முந்திரிக்கொட்டை’ என்று பேர். கல்யாண மண்டபத்துக்குப் போனால் நாற்காலி போடுகிற ஆளுக்கு முன்னால் போய் நிற்பாள். டாக்டர் அறை வாசலில் பேரைக் கூப்பிடுவதற்குள் எழுந்து கதவைத் தள்ளிவிடுவாள். அந்தப் பேரைச் சின்ன வயசில் யாரோ வைத்தார்கள் என்று மட்டும் தம்பிக்குத் தெரியும். யார், எதற்கு என்று கேட்டதில்லை.

வேலை ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. ஆள் உயர மெஷின் ஆறு. படுக்கை விரிப்புகளைப் போட்டுக் கதவைச் சாத்தினால், கடகடவென்ற அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அங்கே நின்றாள். காது சும்மா இருக்குமா? முதலில் டீவி சத்தம் கூடியது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு “ஆங்?” வந்து சேர்ந்தது. நரம்பு தேய்ந்துகொண்டு வருகிறது, மெஷின் வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார் காது டாக்டர். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். தம்பியும் காது மெஷின் வந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டான்.

காத்திருவைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், படிவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வேறு யாரைக் கேட்பான்? முந்திரிக்கொட்டை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். கணக்கு எண் ஒன்று அவனுடையது, இரண்டு அக்காவுடையது. சோதனைக்காகத் திறந்தது என்பதால் அதற்குப் பக்கத்தில் ‘சோதனை’ என்று ஓர் அடையாளம் போட்டுவைத்தான். மறுநாளே ஏதோ பிசகி, அக்காவுக்கு ஒரே நாளில் நாற்பது மெயில் போய்விட்டது. “என்னடா, உன் மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கா?” என்று அவள் போன் பண்ணினாள். அவன் அவசரமாக ஒரு வரி எழுதிச் சேர்த்தான்: சோதனைக் கணக்குக்கு மெயில் அனுப்பாதே. பேய் இறங்கியது. அந்த வரியைப் பிறகு எடுக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

அக்கா கேட்டிருந்தது ஒரே ஒரு பொருள். பழைய பள்ளிக்கூடப் பாட்டுகள், அறுபது பாட்டும் சேர்ந்த ஒரு தொகுப்பு. தனியாக ஒரு பாட்டை அந்தக் கம்பெனி விற்காது. வாங்கினால் மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். அதன் விலையில் எட்டு நாள் மதியம் வயிறாரச் சாப்பிடலாம். அக்கா போட்டிருந்த நியாயம் ஒரு நாள் சாப்பாட்டு விலை.

“சின்னப் பிள்ளைங்க பாட்டு உனக்கு எதுக்குக்கா?”

“சும்மாதான். பழசு.”

“வேணும்னா நான் வாங்கித் தரேன்.”

“அந்த விலைக்கா? நீதானே அநியாயம் அநியாயம்னு ஊரைக் கூட்டுறே. இறங்கட்டும்டா.”

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவே நம் கட்சி என்று ஆபீஸில் போய்ச் சொன்னான்.

இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை போனில், “இறங்கிச்சாடா?” என்றாள். “இறங்கினா மெயில் வரும்கா” என்றான். இரண்டாம் தடவை அவன் வீட்டுச் சமையலறையில் கேட்டாள், அதே பதில். மூன்றாம் தடவை அவள் காது மெஷினைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் கத்த வேண்டியிருந்தது. “மெயில் வரும்கா! மனுஷன் மறப்பான், மெஷின் மறக்காது!” கேட்டவள் மாதிரித் தலையாட்டினாள். எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தான் எழுதியதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. மிச்சமிருந்த காதையும் கொண்டு போய்விட்டது.

அது நடந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் காத்திருவை மூட வேண்டி வந்தது. விலையை எட்டிப் பார்க்க முடியாதபடி கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோருக்கும் பிரியாவிடைக் கடிதம் எழுதி அனுப்பினான். கணக்கு வைத்திருந்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேர். கடிதம் போனது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து பேருக்கு.

ஒன்று குறைவது இந்தத் தொழிலில் பழைய வியாதி. எண்ணுவதைப் பூஜ்ஜியத்தில் ஆரம்பித்தோமா ஒன்றில் ஆரம்பித்தோமா என்கிற குழப்பத்தில் வரும். அவனும் அப்படித்தான் இருக்கும் என்று இருபது நிமிஷம் அங்கேயே துழாவினான். மூடுகிற கடைக்கு எதற்கு இத்தனை சுத்தம் என்று விட்டிருக்கலாம், அவனால் முடியாது. கடைசியில் தானே எழுதிய அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. விட்டுப்போனது கணக்கு எண் இரண்டு.

திறந்து பார்த்தான். அறுபது பாட்டுத் தொகுப்பு, அக்கா சொன்ன விலைக்கு நான்கு தடவை இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் அங்கேயே இருந்துவிட்டு ஏறியிருந்தது. ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் மெஷின் மறக்காமல் எழுதிவைத்திருந்தது: ‘சோதனைக் கணக்கு. அனுப்பவில்லை.’ முதல் தடவை இறங்கியபோது போனில் பேசுகிற அளவுக்கு அவளுக்குக் காது கேட்டுக்கொண்டிருந்தது. கடைசித் தடவை இறங்கியது காய்ச்சலுக்குப் பதினான்கு நாள் முன்னால்.

அதற்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது. ‘ஏன் காத்திருக்கிறீர்கள்?’ என்று விருப்பமிருந்தால் எழுத ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தான். ஜனங்கள் எழுதுவதை ஞாயிறுதோறும் டீயோடு உட்கார்ந்து ஆசையாகப் படிப்பான். சோதனைக் கணக்குகள் அந்தப் பட்டியலிலும் வராது. அக்கா எழுதியிருந்தாள்:

‘நாற்பத்தோராவது பாட்டு. பின்னாடி பாடுற பன்னிரண்டு பிள்ளைகள்ல நானும் ஒருத்தி. அப்ப எனக்குப் பதினொரு வயசு. ரெக்கார்டிங் ரூம்ல ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டினாங்க. காது இருக்கும்போதே இன்னொரு தடவை கேட்டுடணும். தம்பிகிட்ட சொல்ல வேணாம். சொன்னா அந்த விலைக்கே வாங்கிடுவான்.’

மெஷினை நம்பி, மெஷினிடம் ரகசியம் சொல்லியிருக்கிறாள்.

அவன் அந்தத் தொகுப்பை அப்போதே வாங்கினான். விலை மறுபடியும் எட்டு நாள் சாப்பாட்டில் நின்றிருந்தது. அன்றைக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதான். மனைவி ஓடிவந்து திரையைப் படித்தாள். படித்து முடித்து அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கிளம்புங்க. அண்ணி வீட்டுக்குப் போங்க.”

“போய்? அவளுக்குத்தான் கேக்காதே.”

“உங்களுக்குக் கேக்கும்ல? போங்க.”

அக்கா வீடு இரண்டாம் மாடி. படியேறுவதற்குள் கதவு திறந்திருந்தது, பால்கனியிலிருந்தே பார்த்துவிட்டாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததும், “யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள். காது போனதிலிருந்து அவள் குரல் ஒன்று ரொம்பப் பெரிதாக வரும், இல்லை காற்றாக வரும். இப்போது பெரிதாக வந்தது.

அவளோடு பேச எல்லோரும் போனில் எழுதித்தான் காட்டுவார்கள். அவன் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். ‘அந்தப் பாட்டு நாலு தடவை உன் விலைக்கு இறங்கிச்சுக்கா. உன் பேரைச் சோதனைக் கணக்குல போட்டு மறந்துட்டேன். உனக்கு மட்டும்தான் சொல்லாம விட்டுட்டேன்.’

போனைத் தூரப் பிடித்து வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

“நாலு தடவையா?”

பதிலுக்கு நிற்காமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். “அக்கா” என்றான். முதுகு காட்டி நிற்பவளிடம் அப்படிக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. திட்ட மாட்டாளா என்றிருந்தது.

குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ரொம்பக் குறைச்சுக் கேட்டுட்டோமோ, பேராசைப்பட்டுட்டோமோன்னு நினைச்சேன். ஏத்திப் போடலாமான்னுகூட இருந்துச்சு. அப்ப நான் போட்ட விலை நியாயம்தான், இல்ல?”

அவன் தலையாட்டினான்.

“வாங்கிட்டியா? போடு பார்ப்போம்.”

ஹெட்போனை அவளிடம் நீட்டினான், பழக்கதோஷத்தில். அவள் அதை வாங்கி அவன் காதில் மாட்டினாள். சின்ன வயசில் குல்லா மாட்டிவிடுவாளே, அதே மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள்.

“நாற்பத்தொண்ணு. முதல்ல பெரியவங்க பாடுவாங்க, அது கிடக்கட்டும். ரெண்டாவது அடி முடிஞ்சதும் வெறும் வாத்தியம் வரும். பாட்டு வாத்தியார் கை காட்டினப்புறம்தான் நாங்க பன்னிரண்டு பேரும் ஆரம்பிக்கணும். நான் முந்திக்கிட்டேன். ஒத்தையா. அப்புறம்தான் மத்தவங்க வந்தாங்க. திரும்ப எடுக்க நேரமில்லை, அப்படியே விட்டுட்டாங்க. முந்திரிக்கொட்டைன்னு அன்னைக்கு அவர் வச்ச பேர்தான்.”

பாட்டு ஓடியது. அக்கா போனைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் பாடினாள். ஒரு அடி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. வாத்தியம் மட்டும் வந்தது. யாருக்கும் காத்திருக்காமல், மெல்லிசாக, துணிச்சலாக, ஒரு பதினொரு வயசுக் குரல் தனியாக எழுந்தது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு மற்ற பதினொரு குரலும் வந்து அதை மூடிவிட்டன.

அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, அக்கா முன்னால் குனிந்தாள்.

“வந்துட்டேனா?”

“வந்துட்டேக்கா” என்றான், அவளுக்குப் புரிய வேண்டும் என்று உதட்டை நன்றாக விரித்து.

அக்கா அவன் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை கேளு” என்றாள்.